ஓவிய அறையில் துடைப்பம்

சுத்தம் சோறு போடும் என்பது பழமொழி. கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கும் நமக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணி அடிக்குமுன் வராந்தாவைப் பெருக்கி, கரும்பலகையைத் துடைத்து, குப்பைக்கூடையைக் கொட்டிவிட்டுத்தான் நாம் செபத்திற்கு நிற்கிறோம். ஆகவே இக்கட்டுரையைச் சுத்தத்திற்கு எதிரான வழக்கு என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம். ஓர் ஓவியர் வேலை செய்யும் அறையை, மற்ற அறைகளைச் சுத்தம் செய்வதுபோல் செய்யக்கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. இந்த ஆண்டு நம் பள்ளியின் ஓவிய அறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் வந்தபோது இது பற்றி நிறைய வாதாடினோம். அந்த வாதத்தின் சாரத்தை இங்கே எழுதுகிறோம்.

சமையலறையில் எது குப்பை என்பதில் இரண்டு கருத்து கிடையாது. வெங்காயச் சருகு குப்பை, ஊசிப்போன சாம்பார் குப்பை. பாட்டிக்கும் தெரியும், பேத்திக்கும் தெரியும். ஓவியர் அறையில் அப்படியா? வண்ணம் தோய்ந்த கந்தல் துணி ஒன்று கிடக்கிறது. நமக்கு அது கந்தல். அவருக்கோ, சென்ற மாதம் தற்செயலாகக் கலந்து வந்த ஒரு பச்சை நிறத்தின் ஒரே நினைவு அதில்தான் இருக்கிறது. பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு மாட்டின் படம், உடைந்த வளையல், காய்ந்த பூவரச இலை, பாதியில் நின்ற கோடுகள் உள்ள தாள், இவற்றில் எது நாளைய படத்திற்கு விதை, எது வெறும் சருகு என்று வெளியிலிருந்து வருகிறவர் எப்படிச் சொல்ல முடியும்?

இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. பிரான்சிஸ் பேக்கன் என்ற ஓவியர் 1909இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். 1961 முதல் 1992இல் இறக்கும் வரை லண்டனில் ரீஸ் மியூஸ் என்னும் சந்தில் 7ஆம் எண் வீட்டில் இருந்தார். அவருடைய ஓவிய அறையின் புகைப்படத்தைப் பார்த்தால் நம் தாய்மார்களுக்கு மயக்கமே வந்துவிடும். தரையே தெரியாது. தாள், தகரடப்பா, தூரிகை, புத்தகம், புகைப்படம் எல்லாம் கணுக்கால் ஆழத்திற்குக் கிடக்கும். தூரிகையைத் துடைக்கச் சுவரையும் கதவையும் பயன்படுத்தியிருந்தார். நம் விடுதிச் சகோதரியார் பார்த்திருந்தால் ஒரு வாரம் மாலை விளையாட்டு இல்லை என்று சொல்லியிருப்பார்.

அவர் மறைந்த பிறகு, வாரிசான ஜான் எட்வர்ட்ஸ் என்பவர் அந்த அறையை 1998இல் டப்ளினிலுள்ள ஹியூ லேன் கலைக்கூடத்திற்கு நன்கொடையாகக் கொடுத்தார். அதை எப்படி எடுத்துச் சென்றார்கள் என்பதுதான் வியப்பு. பழைய நகரங்களைத் தோண்டும் தொல்பொருள் ஆய்வாளர்களை அழைத்து வந்தார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் எதன்மேல் கிடந்தது என்று வரைபடம் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். சுவர், கதவு, தரை, கூரை எல்லாவற்றையும் பெயர்த்தார்கள். தூசியைக்கூட அள்ளிப் பொதிந்து கொண்டுபோனார்கள். 2001இல் டப்ளினில் அதே அறையை அதே அலங்கோலத்துடன் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

எண்ணிப் பார்த்ததில் 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ 570 புத்தகங்களும் பட்டியல்களும், 1,500 புகைப்படங்கள், புத்தகங்களிலிருந்து கிழித்த 1,300 தாள்கள், 2,000 ஓவியப் பொருள்கள், 70 வரைபடங்கள். இவற்றோடு, அவரே கத்தியால் கிழித்த 100 திரைச்சீலைகள். இந்தக் கடைசி எண்ணைத் தோழியர் கவனிக்க வேண்டும். முடித்த படத்தையே பிடிக்கவில்லை என்று கிழித்தவர், மிதிபட்டுக் கசங்கிய புகைப்படங்களைத் தூக்கி எறியவில்லை. நாம் அந்த அறைக்குள் போயிருந்தால் நேர்மாறாகச் செய்திருப்போம். படங்களை மாட்டி வைத்துவிட்டு, கசங்கியதையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்போம். இன்று அவருடைய ஓவியங்கள் எப்படிப் பிறந்தன என்று ஆராய்கிறவர்களுக்கு அந்தக் கசங்கிய தாள்கள்தாம் பெரிய சான்று.

"அப்படியென்றால் குப்பையாக இருப்பதே கலைஞருக்கு அடையாளமா? நாளை முதல் நானும் என் மேசையை ஒதுக்கமாட்டேன்" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி உடனே கிளம்பினாள். அவளுக்குப் பதிலாக பிரான்குஸி என்னும் சிற்பியைச் சொன்னோம். ருமேனியாவில் பிறந்து பாரீஸில் வாழ்ந்தவர். சிற்பங்களை எப்படி நிறுத்துவது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று நாள் கணக்காக இடம் மாற்றிக்கொண்டே இருப்பாராம். ஒரு சிற்பம் விற்றுப்போனால் அந்த இடம் வெறுமையாகிவிடக்கூடாது என்று அதன் சுண்ணச் சாந்துப் பிரதியைச் செய்து அங்கே வைப்பார். 1957இல் இறந்த அவர், அந்தக் கூடத்தை உள்ளது உள்ளபடியே காக்க வேண்டும் என்று உயில் எழுதி பிரெஞ்சு அரசிடம் விட்டுச் சென்றார். பேக்கனின் அலங்கோலமும் பிரான்குஸியின் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனால் இரண்டையும் வைத்தவர் அங்கே வேலை செய்தவர். வேறொருவர் வந்து அவர்களுக்காக அடுக்கவில்லை.

இப்போது வீட்டை ஒதுக்குவதைப் பற்றிப் புத்தகங்கள் வருகின்றன. ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோ 2011இல் எழுதிய புத்தகம் உலகம் முழுவதும் பரவியது. ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். துணி அலமாரிக்கு நல்ல யோசனைதான். ஓவிய அறைக்கு எங்களுக்கு நம்பிக்கையில்லை. சரியாக வராத படத்தைப் பார்த்து யாருக்கு மகிழ்ச்சி வரும்? அதைப் பார்த்துத்தானே அடுத்ததைத் திருத்துகிறோம்! (மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு தம் வீடும் முன்போல் ஒழுங்காக இல்லை என்று அந்த அம்மையாரே 2023இல் சொல்லிவிட்டார் என்பதை எங்கள் தாய்மார்களின் ஆறுதலுக்காக இங்கே குறிப்பிடுகிறோம்.)

நம் நாட்டில் ஒதுக்கியதைவிட ஒழித்ததே அதிகம் என்று தோன்றுகிறது. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை நமக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலத்து ஏட்டுச் சுவடிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆவலோடு போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். அவர் மனம் எப்படித் துடித்திருக்கும்! செய்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை. சாத்திரப்படி மரியாதையாகவே செய்தார்கள். அதில் என்ன இருந்தது என்று படித்துப் பார்க்க ஒருவர் வரும் வரை பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓவியத்திலும் நம் ஊரோடு தொடர்புடைய ஒருவர் இருக்கிறார். கொண்டையராஜு என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது; அவர் படத்தைப் பார்த்தால் தெரியும். 1898இல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இளமையில் திருவண்ணாமலைக்கு வந்து இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்து, டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களோடு ஓவியக்கூடம் நடத்தினார். சிவகாசி அச்சகங்கள் வழியாக அவருடைய முருகனும் இலக்குமியும் மீனாட்சியும் காலண்டர் படங்களாகத் தமிழ்நாட்டின் வீடு, கடை, லாரி எங்கும் போய்ச் சேர்ந்தன. 1976இல் மறைந்தார். அவர் படத்தை ஓவியம் என்று அந்நாளில் எத்தனை பேர் மதித்தார்கள்? ஆண்டு முடிந்தால் காலண்டர்தானே! பின்னால் ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் வந்து அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். நம் தெருவில் கிடந்ததை எடுத்துப் பார்க்கக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. கோவாவைச் சேர்ந்த ஆஞ்சலோ த ஃபொன்சேகா, தேவ அன்னையைச் சேலை கட்டிய இந்தியப் பெண்ணாக வரைந்த கத்தோலிக்க ஓவியர். 1967இல் அவர் இறந்தபோது அந்தப் படங்களுக்குப் பெரிய மதிப்பில்லை. அவருடைய துணைவியார் அவற்றைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, பின்னர் கோவாவிலுள்ள சேவியர் வரலாற்று ஆய்வு மையத்திடம் ஒப்படைத்தார். ஒரு வீட்டில் இவ்வளவு படங்களை வைத்துக்கொண்டு, மழைக்கும் கறையானுக்கும் காவல் காத்து, வருகிறவர் போகிறவர் "இதையெல்லாம் ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்பதையும் தாங்கிக்கொள்வது எளிதான காரியமா?

இனி நம் பள்ளி ஓவிய அறைக்கு வருவோம். அந்த அறையை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பழைய பொருள் கிடங்கு. இரண்டு பீரோக்கள், கால் ஆடும் மேசைகள், விளையாட்டு விழா வளைவுகள், சார்ட் சுருள்கள், தெர்மோகோல் நட்சத்திரங்கள், கிறிஸ்துமஸ் குடிலின் மூங்கில்கள், கல்லாகக் காய்ந்த போஸ்டர் கலர் புட்டிகள், ஊறுகாய்ப் புட்டிக்குள் தலைகீழாக நின்று மயிர் வளைந்த தூரிகைகள். போகிக்கு முன் ஒரே பிற்பகலில் எல்லாவற்றையும் ஏறக்கட்டி விடலாம் என்பது முதல் திட்டம். நாங்கள் மூன்று சனிக்கிழமை வேண்டும் என்று கேட்டோம். தலைமைச் சகோதரி அவர்கள் சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

முதல் சனிக்கிழமை எதையும் எறியவில்லை. என்ன இருக்கிறது என்று எழுதினோம், அவ்வளவே. இது வீண் வேலை என்று எங்களுள் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் எழுதும்போதுதான் ஒரு சுருளை விரித்தோம். அது கிறிஸ்து பிறப்பு நாடகத்திற்காக எழுதப்பட்ட திரைச்சீலை. பெத்லகேமின் மாட்டுத்தொழுவம், மேலே விண்மீன், தொழுவத்திற்குப் பின்னால் மலை. யாருடைய கண்ணுக்கும் தப்பாது, அது நம் அண்ணாமலைதான்! வகுப்பறை ஜன்னலிலிருந்து தெரியும் அதே வளைவு, அதே சரிவு. ஒரு மூலையைக் கறையான் அரித்திருந்தது. மற்றொரு மூலையில் ஏழு பேருடைய பெயரின் முதலெழுத்துகள்.

இரண்டாவது சனிக்கிழமை, முன்பு இங்கே ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரை அழைத்து வந்தோம். அவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. தாம் வரைந்து சட்டம் போட்டு மாட்டியிருந்த இயற்கைக் காட்சிகள் மூன்றைக் காட்டி, "இதை முதலில் எடுங்கம்மா, காலண்டரைப் பார்த்து வரைந்தது, எனக்கே பிடிக்காது" என்றார்கள். நாங்கள் எறியக் கட்டி வைத்திருந்த ஒரு தகரடப்பாவை மட்டும் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அதில் அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், பின்புறம் பென்சிலில் எந்த வண்ணத்தோடு எதை எவ்வளவு கலந்தது என்ற குறிப்பு. மார்கழிக் காலையில் மலை இருக்கும் நீலம், ஐப்பசி மழைக்குப்பின் பச்சை, சித்திரை வெயிலில் புல் காய்ந்து கருகிய பழுப்பு என்று மலையின் நிறங்கள் மட்டுமே முப்பதுக்கும் மேல் இருந்தன. சட்டம் போட்டவற்றை வைத்துக்கொண்டு இந்த டப்பாவை எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் கருத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நினைக்கிறோம்.

ஆனால் திரைச்சீலையைப் பற்றி அவர்களே முடிவு சொல்ல மறுத்துவிட்டார்கள். "அதை நான் எழுதவில்லை, பிள்ளைகள் எழுதினார்கள். அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றார்கள்.

சில பொருள்களைப் பொறுத்தவரை யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி அவற்றில் முதலாவது. தண்ணீர் ஆவியாகிக் காய்வதுபோல அந்த எண்ணெய் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். துணியைக் கசக்கி மூலையில் குவித்துவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பல ஓவியக்கூடங்களும் தச்சுப் பட்டறைகளும் இப்படி எரிந்திருக்கின்றன. அத்துணிகளை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்த வேண்டும், அல்லது மூடியுள்ள தகரடப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட வேண்டும். சீமைத் தைல வாடையுள்ள திறந்த புட்டிகளையும் அன்றே அப்புறப்படுத்தினோம். கறையான் ஏறிய அட்டைகளையும் அப்படியே. இதில் பக்தி பார்க்க இடமில்லை.

படங்களைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் தவறு. செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. சீக்கிரம் மஞ்சளாகி, தன்னிடமுள்ள அமிலத்தைத் தொட்ட தாளுக்கும் ஏற்றிவிடும். பெரிய துணிப் படத்தை மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் வண்ணம் உதிரும். பருத்த குழாயில் சுற்ற வேண்டும். தூரிகையைக் கழுவிப் படுக்க வைத்தோ மயிர் மேலே இருக்கும்படியோ வைக்க வேண்டும். காய்ந்த போஸ்டர் கலரில் வெந்நீர் விட்டு இரண்டு நாள் மூடி வைத்தோம். பாதிப் புட்டிகள் இளகின. கீழ்வகுப்புத் தங்கைகள் அதில்தான் இந்தப் பருவம் முழுவதும் வரைந்தார்கள்.

மேசையை எங்கே போடுவது என்பதில் மற்றொரு வாதம் நடந்தது. ஓவியக்கூடத்திற்கு வடக்கு ஜன்னல் வேண்டும், அங்கிருந்து வரும் ஒளி நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது அவர்கள் ஊருக்குச் சரி. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கிறது. சித்திரைக் கடைசி முதல் ஆடி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மேசையை அங்கேயே போட்டு, ஒரு வெள்ளைப் பருத்தித் திரை கட்டினோம். ஏழ்மையான ஏற்பாடுதான், ஆனால் கண் கூசவில்லை.

வைத்துக்கொள்ள முடியாததை எப்படி அனுப்புவது என்ற கேள்வி மிச்சமிருந்தது. இதில் நம் ஊருக்குப் பாடம் எடுக்க யாரும் வரவேண்டாம் என்றே நினைக்கிறோம். கார்த்திகையில் மலையுச்சியில் கொப்பரையில் எரியும் மகாதீபம் அணைந்த பிறகு, அடியில் எஞ்சும் கருக்கை யாரும் கொட்டிவிடுவதில்லை. அதைக் கீழே கொண்டுவந்து மையாகச் சேர்த்துப் பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். நம் ஆலயத்திலும் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை வீட்டில் ஓராண்டு வைத்திருந்து, திரும்பக் கொடுத்து, எரித்து, அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுகிறோம். ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேர் உண்டபின் எஞ்சிய துண்டுகளை 12 கூடைகளில் சேர்த்ததும் நமக்குத் தெரிந்த நற்செய்திதான். எங்கள் அறையில் ஒரு பக்கம் மட்டும் வரைந்த தாள்கள் கீழ்வகுப்புக்குப் போயின. மூங்கில்கள் தோட்டத்தில் அவரைப் பந்தலுக்குப் போயின. தெர்மோகோலுக்குத்தான் வழி தெரியவில்லை. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. இனிமேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, உள்ளதை ஒரு மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது சனிக்கிழமை மாலையில் பழைய பேப்பர்காரர் வந்து எடை போட்டபோது மொத்தம் பதினொரு கிலோதான் தேறியது. முதல் திட்டப்படி செய்திருந்தால் வண்டியே நிறைந்திருக்கும். அவர் சற்று ஏமாற்றத்துடன் போனார். அறை இப்போதும் ஆய்வுக்கூடம்போல் பளிச்சென்று இல்லை. ஒரு மேசை முழுவதும் வண்ணக்கறை. அதைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு பெட்டிகள் யாருடையவை என்று தெரியாமல் இருக்கின்றன. சகோதரிகளில் சிலர் இது போதாது என்கிறார்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வருகிறவர்கள் எங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

திரைச்சீலை இப்போது ஒரு தகரக் குழாயில் சுற்றப்பட்டு, வசம்புத் துண்டுகளுடன் பீரோவின் மேல் இருக்கிறது. எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று டீச்சர் சொன்னார்கள். மூலையிலுள்ள எழுத்துகளை அப்படியே தருகிறோம்: மே., ச., ஜெ., ல., பா., ரோ., மு. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவியரில் இவர்கள் யாரேனும் இருந்தால், அல்லது இவர்களை அறிந்தவர் இருந்தால், பள்ளி நாள்களில் மாலை நாலரை மணிக்குமேல் ஓவிய அறைக்கு வரவும். கறையான் அரித்த மூலையை வெட்டிவிட்டுத் தைப்பதா, அப்படியே விடுவதா, வரும் கிறிஸ்துமஸுக்கு மீண்டும் மேடையில் கட்டுவதா என்று உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.